பழைய பெட்ரோல் பங்க் இருந்த மனை: போர் தண்ணீர் ரிப்போர்ட்டை நம்பி வாங்கலாமா?

சேலம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 25 வருடம் பெட்ரோல் பங்க் நடந்த இடம் விலைக்கு வருகிறது, வீடு கட்டப் பார்க்கிறார். டேங்கையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டார்களாம், மண்ணில் வாசனையே இல்லையாம். அங்கிருக்கும் 300 அடி போர் தண்ணீரை மாடித் தொட்டிக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்திருக்கிறார், குடிக்கலாம் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. வாங்கலாமா என்கிறார்.

அந்த ரிப்போர்ட்டை வைத்து வாங்காதீர்கள். லேப் தப்பு செய்தது என்று நான் சொல்லவில்லை, கொடுத்த தண்ணீருக்கு அது சரியான ரிப்போர்ட்தான். ஆனால் பெட்ரோல் இருக்கக்கூடிய தண்ணீர் அந்த பாட்டிலுக்குள் வரவே இல்லை.

பெட்ரோல், டீசல் இரண்டுமே தண்ணீரை விட லேசானவை. கசிந்தால் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீர் தொடங்கும் மட்டத்தில் போய் மிதக்கும். உங்கள் போரில் மேலே 40, 50 அடிக்கு கேசிங் பைப் இறக்கி அந்த மேல்மட்டத் தண்ணீரை அடைத்திருப்பார்கள், மோட்டார் இழுப்பது கீழே பாறை வெடிப்பில் வரும் ஊற்றை. அப்புறம் அந்தத் தண்ணீர் மாடித் தொட்டியில் கொட்டும்போதே, பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப் பொருள் பாதி காற்றோடு போய்விடும், மிச்சம் பாட்டிலின் காலி இடத்தில் போகும். இதையெல்லாம் தாண்டி லேபுக்குப் போனாலும், அவர்கள் பார்த்தது டிடிஎஸ், பிஹெச், கடினத்தன்மை. பென்சீனைப் பார்க்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லையே.

வாசனை இல்லை என்பதையும் நம்பாதீர்கள். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூக்குக்குத் தெரிய அதைப்போல பல மடங்கு வேண்டும். இப்போதைய பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம், அப்படியானால் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 60 லோடுக்கு மேல்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் காகிதம். பெட்ரோல் பங்க்குக்கு எக்ஸ்புளோசிவ் லைசென்ஸ் வாங்கும்போது டேங்க், பைப், டேங்கர் லாரி இறக்கும் இடம் எல்லாம் குறித்த வரைபடம் ஒப்புதல் ஆகியிருக்கும், அதை விற்பவரிடம் கேளுங்கள். அங்கே வேலை பார்த்த பழைய ஆள் யாராவது கிடைத்தால் அவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். எந்த டேங்கில் தண்ணீர் ஏறியது, எந்த பைப்பை எத்தனை முறை மாற்றினார்கள் என்று வரைபடத்தில் இல்லாதது அவருக்குத் தெரியும்.

அந்த இடங்களில் மண்ணைத் துளைத்துப் பார்க்க வேண்டும். டேங்க் எடுத்த குழியில் மேலே புது கிராவல் நிரப்பியிருப்பார்கள், அது சுத்தமாகத்தான் இருக்கும். நான் பார்த்த ஓர் இடத்தில் 2 மீட்டர் வரை நல்ல கிராவல், அதற்குக் கீழே செம்மண், 3 மீட்டர் தாண்டியதும் அந்தச் சிவப்பு மாறி பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மண் வந்தது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் மண்ணிலிருக்கும் இரும்பு நிறம் மாறிவிடும், அதுதான் அது. ஒரு கை மண்ணை ஜிப் கவரில் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்து ஆவி அளக்கும் மீட்டரின் முனையை உள்ளே விட்டதும் எண் ஏறிக்கொண்டே போனது. குழிக்கு மேலே நின்ற எங்களுக்கு எந்த வாசனையும் வரவில்லை.

தண்ணீருக்குக் குறைந்தது மூன்று சோதனைக் கிணறு வேண்டும், மூன்று புள்ளி இருந்தால்தான் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல முடியும். துளையிட்ட பைப் நீர்மட்டத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கும்படி இறக்கச் சொல்லுங்கள், மிதப்பது உள்ளே வர வேண்டுமே. சாம்பிளை 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழி கூட இல்லாமல் நிரப்பி ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்று எழுதிக் கொடுங்கள். 2000-க்கு முன் தொடங்கிய பங்க் என்றால் ஈயமும் சேருங்கள், அந்த வருடம் பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு மாறினோம்.

காலமும் முக்கியம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கி வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் ஏறினால் பூசியது தண்ணீருக்கடியில் மாட்டிக்கொள்ளும், மேலே மிதப்பது தெரியாது. அதனால் வைகாசியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை.

மனைக்குள் மட்டும் பார்த்தும் நிறுத்தாதீர்கள். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்ததை ஊருக்குச் சொன்னது அக்கம்பக்கத்து வீடுகளின் தண்ணீர்தான். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது, 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்கள் பக்கம் பாறை வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் இருக்கும் கிணற்றுக்காரரிடமும் ஒரு சாம்பிள் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதெல்லாம் முடியும்வரை அங்கே புது போர் போடாதீர்கள். மேலே தங்கியிருப்பதற்கு நீங்களே 300 அடிக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை, கொடுக்கவில்லை என்றால் இரண்டு பருவச் சோதனை முடிந்த பிறகுதான் கிரயம் என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.