கச்சான் காற்றும் கோல்ஃப் கணக்கும்: பாம்பனிலிருந்து ஒரு ஃபேன்டஸி லீக் விளக்கம்

[காட்சி: பாம்பன் கரை. வரிசையாகக் கட்டி நிறுத்தியிருக்கும் விசைப்படகுகள். மரப்பெட்டியின் மேல் விரித்து வைத்த ஒரு நீள நோட்டு.]

வணக்கம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கிழிந்த வலையைத் தைத்து, படகுக்கு வர்ணம் பூசி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய பிறகும் பொழுது மிஞ்சிக் கிடந்த ஒரு தடைக்காலத்தில்தான், கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திராத நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஃபேன்டஸி கோல்ஃப் லீக் ஒன்றைத் தொடங்கினோம். இந்தக் கடற்கரையில் கோல்ஃப் திடல் கிடையாது. எங்களில் இருவர் கொடைக்கானல் சுற்றுலாவில் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான் எங்கள் மொத்த அனுபவம். ஆனாலும் இந்த ஆட்டத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன், போட்டி எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

தொழில்முறை கோல்ஃப் போட்டி பெரும்பாலும் வியாழன் தொடங்கி ஞாயிறு முடிய நான்கு நாள்கள் நடக்கும். நாளுக்கு 18 குழிகள் வீதம் 72 குழிகள். மொத்தத்தில் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் பார் என்று பெயர். பாரைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. விதி என்று தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவே.

[காட்சி: நோட்டில் நான்கு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதத்தின் பெயர்.]

ஆண்டுக்கு நான்கு பெரும் போட்டிகள், மேஜர் என்பார்கள். ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ், தடைக்காலம் தொடங்குவதையொட்டி முடிகிறது. மே மாதத்தின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் தடைக்காலத்தின் நடுவில் வருகிறது. படகுகள் மீண்டும் கடலுக்குப் போகிற வாரத்தில் யு.எஸ். ஓப்பன். ஜூலையில், இங்கே கச்சான் எனும் தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும்போது, 1860-இல் தொடங்கிய மிகப் பழைய மேஜரான தி ஓப்பன், பிரிட்டன் பக்கத்துக் கடலோரத் திடல் ஒன்றில் நடக்கும்.

இப்போது லீக்கிற்கு வருவோம். ஃபேன்டஸி லீக் என்பது, களத்தில் ஆடும் உண்மையான வீரர்களிலிருந்து நமக்கென ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எடுக்கும் மதிப்பெண்ணை நம் கணக்கில் வரவு வைப்பது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. எங்கள் ஆட்டமோ நோட்டில் எழுதும் ஆட்டம், அதில் காசு புழங்குவதில்லை. கடைசி இடத்துக்காரர் மற்ற ஏழு பேருக்கும் டீ போட்டுக் கொடுப்பார். அந்த டீயை நான் இருமுறை போட்டிருக்கிறேன்.

நாங்கள் பின்பற்றுவது சம்பள வரம்பு முறை. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை. மொத்தம் 50,000 புள்ளிக்குள் ஆறு பேரை எடுக்க வேண்டும். பேர்டிக்கு 3, ஈகிளுக்கு 8, பாருக்கு அரை, போகிக்கு அரை குறைவு, டபுள் போகிக்கு ஒன்று குறைவு என்பது எங்கள் மதிப்பெண். இந்த அட்டவணைக்குள் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. 18 குழிகளிலும் பார் எடுத்த வீரருக்கு 9 மதிப்பெண் கிடைக்கும். ஐந்து பேர்டி, ஐந்து போகி, எட்டு பார் எடுத்தவரும் களத்தில் அதே பாரில்தான் நிற்கிறார். ஆனால் எங்கள் நோட்டில் அவருக்கு 15-உம் 4-உம் சேர்ந்து, இரண்டரை கழிந்து, 16.5 வருகிறது. ஆகவே, பிழையில்லாமல் மெல்ல ஆடுகிறவரைவிட, தவறினாலும் துணிந்து அடிக்கிறவரே இங்கே விலைபோகும் சரக்கு. 2025 மாஸ்டர்ஸில் ரோரி மெக்கில்ராய் நான்கு டபுள் போகி செய்தும் பட்டத்தை வென்றார். எங்கள் கணக்கில் அந்த நான்கும் சேர்ந்து தின்றது வெறும் 4 மதிப்பெண்.

ஆனால் துணிந்தவர் சனிக்கிழமையும் களத்தில் இருக்க வேண்டுமே! ஃபேன்டஸி கோல்ஃபில் ஆளைக் கவிழ்க்கும் இடம் இதுதான். முதல் இரண்டு நாள் முடிந்ததும் கட் என்ற கோடு விழும். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரின் வழக்கமான போட்டியில் முதல் 65 இடங்களும் அந்த இடத்தில் சமமாக நிற்பவர்களும், தி ஓப்பனில் முதல் 70 இடங்களும் சமமானவர்களும் மட்டுமே வார இறுதியில் ஆடுவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட, நமக்கு அவர்களால் வர வேண்டிய இரண்டு நாள் மதிப்பெண் அப்படியே போய்விடும். ஒவ்வொருவரும் கட் தாண்ட 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆறு பேரும் சேர்ந்து தாண்டும் வாய்ப்பு 12 சதவீதத்தைத் தொடுவதில்லை. 0.7-ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள். பட்டம் வெல்பவரை ஊகிப்பதில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்வதில்லை. வென்றவர் கையில் இருந்தும் மற்றவர்களில் மூவர் வெள்ளியன்றே ஊருக்குப் போய்விட்டால், ஆறு பேரும் நின்ற அணியிடம் தோற்பது ஏறக்குறைய உறுதி.

அப்படியானால் யாரை நம்புவது? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய ஸ்ட்ரோக்ஸ் கெயின்டு என்ற அளவை இதற்கு உதவும். எட்டு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ளுவதில் தொழில்முறை வீரர்களே சுமார் பாதி முறை தவறுகிறார்கள். அங்கிருந்து முடிக்க அவர்கள் சராசரியாக ஒன்றரை முறை அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே அடியில் முடித்தவர் மற்றவர்களைவிட அரை அடி லாபம் பார்த்தார் என்று கணக்கு. இப்படி எல்லா அடிகளையும் அளந்தபோது, முன்னணி வீரர்களின் மேன்மையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூரத்து அடிகளிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. குழியருகே தள்ளும் பட்டிங் வாரத்துக்கு வாரம் மாறும். போன வாரம் பட்டிங்கால் ஜெயித்தவரை இந்த வாரம் அதிக விலைக்கு எடுப்பது, நேற்று மீன்பாடு விழுந்த இடத்திலேயே இன்றும் வலை விரிப்பதைப் போன்றது.

[காட்சி: பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து. ஒரு பக்கம் நுரைக்கும் கடல், மறுபக்கம் அசையாத கடல்.]

எங்கள் ஊரின் சாதகம் என்று சொன்னேன் அல்லவா, அது காற்று. கச்சான் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடகடலான பாக் விரிகுடா குளம்போல் கிடக்கும். வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். எந்தக் கடலில் எந்த நேரத்தில் இருக்கிறோம் என்பதே அன்றைய பிழைப்பைத் தீர்மானிக்கும் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். தி ஓப்பன் நடக்கும் திடல்களை லிங்க்ஸ் என்பார்கள். தனுஷ்கோடிச் சாலையோர மணல்மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மணலைப் பிடித்து நிற்பது இராவணன் மீசைப் புல், அங்கே வேறொரு கடலோரப் புல். மரங்கள் அரிது, காற்றுக்குத் தடுப்பு கிடையாது. 2002-இல் ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டில், அந்த ஆண்டின் முதல் இரண்டு மேஜர்களையும் வென்று வந்திருந்த டைகர் உட்ஸ், சனிக்கிழமை மழையிலும் காற்றிலும் சிக்கி 81 அடிகள் எடுத்தார். மறுநாள் அதே திடலில் 65 எடுத்தார்.

தி ஓப்பனில் 156 பேர். எல்லோரும் முதல் குழியிலிருந்தே புறப்பட வேண்டும் என்பதால், முதல் ஆட்டக்காரருக்கும் கடைசி ஆட்டக்காரருக்கும் இடையே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுகிறது. வியாழன் காலையில் ஆடியவர் வெள்ளி பிற்பகலில் ஆடுவார். மற்றப் பாதியினர் வியாழன் பிற்பகல், வெள்ளி காலை. பிற்பகலில் காற்று ஏறி மறுநாள் அடங்கிவிட்டால், ஒரு பாதியினர் இரண்டு நாளும் வடகடலிலும் மறு பாதியினர் ஒரு நாள் தென்கடலிலும் ஆடியதாக ஆகிவிடும்.

ஒரு ஜூலையில் புதன் இரவு, பெயர்களை மட்டும் பார்த்து ஆறு பேரை எழுதி வைத்துவிட்டு உறங்கினேன். என் ஆறு பேரில் ஐவர் வியாழன் பிற்பகல் பட்டியலில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வெள்ளி இரவு என் நோட்டில் மிஞ்சியது இரண்டு பெயர். வலை தைக்கும் எழுபது வயதுப் பெரியப்பா ஒருவர் எங்கள் லீக்கில் இருக்கிறார். அவருக்கு வீரர்களின் பெயரே சரியாக வராது. அவர் நேரப் பட்டியலையும் காற்று முன்னறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்தப் பக்கத்து ஆள்களை மட்டும் போடுப்பா" என்று பேரனிடம் எழுதச் சொல்லியிருந்தார். அவருடைய அணியில் ஐந்து பேர் கட் தாண்டினார்கள்.

[காட்சி: கைக்கடிகாரம், நோட்டில் ஆறு பெயர்கள்.]

அன்றுமுதல் நான் புதன்கிழமையன்று நான்கு பெயர்களை மட்டும் எழுதி, இரண்டு இடங்களைக் காலியாக விடுகிறேன். வியாழன் காலை எழுந்ததும் முதலில் யாராவது காயம் என்று விலகிவிட்டார்களா என்று பார்ப்பேன். விலகியவரை வைத்திருந்தால் முழு ஆறு பேரின் கூலியில் ஐந்து பேரின் வேலைதான் நடக்கும். பிறகு காற்றைப் பார்த்து மீதி இருவரை முடிவு செய்வேன். தி ஓப்பனின் முதல் அடி அங்கே காலை 6.35-க்கு, இங்கே 11.05-க்கு. பதினொரு மணிக்குப் பெரியப்பா நோட்டை மூடி, அதன்மேல் ஈயக் குண்டு ஒன்றைத் தூக்கி வைத்துவிடுவார்.