கையில் இருக்கும் வெண்ணெய்

ஒஸ்லோ தமிழ் வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

தலைமை ஏற்றிருக்கும் தமிழ்ப் பள்ளி அதிபர் அம்மா அவர்களே, பேர்கனிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் கவிஞர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட நகரசபை உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களே, பின்னால் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். கவிஞர் ஐயாவைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பனி கொட்டுகிற மாதத்தில், முழங்கால் வலியோடு, வாசகர் கூட்டம் என்ற ஒரே காரணத்துக்காக வந்திருக்கிறார். அவருக்கு நன்றாகக் கைதட்டுங்கள்.

ஒஸ்லோவைக் கதைகளிலும் படங்களிலும் பார்ப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. இரண்டு விஷயம் பேசலாம் என்று வந்தேன்: நோர்வே எழுத்தாளர் க்னூட் ஹாம்சுனின் 'பசி' நாவல், இந்நாட்டு இயக்குநர் யோக்கிம் த்ரியரின் படங்கள். முதலில் 'பசி'.

1890-இல் வந்த நாவல். அப்போது இந்த ஊரின் பெயர் கிறிஸ்தியானியா. 1925-இல்தான் மறுபடி ஒஸ்லோ ஆனது. பெயரில்லாத ஓர் எழுத்தாளன் கார்ல் யூஹான் தெருவிலும் அரண்மனைப் பூங்காவிலும் பசியோடு அலைகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் ஓர் இடம் இருக்கிறது, கேளுங்கள்.

நொண்டி நடக்கும் கிழவர் ஒருவர் இவனிடம் பால் வாங்கக் காசு கேட்கிறார். இவனுக்கே வயிறு காய்கிறது. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அடகுக் கடைக்கு ஓடுகிறான். கோட்டுக்குள் போட்டிருந்த கையில்லாச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வந்த காசில் கிழவருக்கும் கொடுக்கிறான். சரி, இனி ஒரு கட்டுரை எழுதிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், பென்சிலைக் காணவில்லை! அது அடகு வைத்த சட்டையின் பையில் கிடக்கிறது. திரும்பவும் கடைக்குப் போகிறான். ஒரு பென்சில் துண்டுக்காக ஓடி வந்தேன் என்று சொன்னால் மானம் போய்விடாதா? அதனால் கடைக்காரரிடம் சொல்கிறான்: இது சாதாரணப் பென்சில் அல்ல, மூன்று பாகத்தில் நான் எழுதிய தத்துவ நூல் இதனால்தான் எழுதப்பட்டது, கேள்விப்பட்டிருப்பீர்களே! அப்படி ஒரு நூல் இந்த உலகத்திலேயே கிடையாது. ஆனால் கடைக்காரரோ, தலைப்பைக் கேள்விப்பட்ட மாதிரித்தான் இருக்கிறது என்கிறார்!

இதை நான் எங்கே சொன்னாலும் கூட்டம் சிரிக்கிறது. சிரித்து முடித்ததும் எல்லோருக்கும் தொண்டை அடைக்கிறது. இந்த நகரத்தில் முதல் குளிர்காலத்தைக் கழித்த நம்மவர்களுக்கு அந்த மானம் தெரியும்.

ஹாம்சுனின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. 1920-இல் நோபல் பரிசு பெற்றவர், 1943-இல் அந்தப் பதக்கத்தை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்குக் கொடுத்தார். அதை மன்னிக்க முடியாது. நாவலைத் தள்ளிவிடவும் எனக்கு முடியவில்லை.

1966-இல் 'பசி' படமானது. டென்மார்க்கின் ஹென்னிங் கார்ல்சன் இயக்கினார். சுவீடன் நடிகர் பேர் ஒஸ்கார்சனுக்குப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பக்கத்து நாட்டார் இந்த ஊர்க் கதையைத் தேடி வந்து எடுத்தார்கள். நாம் இங்கேயே குடியிருக்கிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையலாமா?

த்ரியரின் படங்களுக்கு வருகிறேன். 2011-இல் வந்த 'ஒஸ்லோ, ஆகஸ்ட் 31' படம், நகரவாசிகளின் நினைவுக் குரல்களோடும் பழைய தெருக்காட்சிகளோடும் தொடங்குகிறது. போதை மறுவாழ்வு மையத்திலிருந்து ஒருநாள் வெளியே வந்த இளைஞன் ஒரு கஃபேயில் தனியே உட்கார்ந்து அடுத்த மேசைப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். 2021-இல் வந்த 'உலகின் மிக மோசமான மனிதர்' படத்தில் நகரம் முழுவதும் உறைந்து நிற்க, ஒரு பெண் மட்டும் தெருத்தெருவாக ஓடுகிறாள். அந்தத் தெருக்களில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். க.நா.சு. என்ற பெரிய மனிதர் ஹாம்சுனின் 'நிலவள'த்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் வழியாகத்தான் அவரால் முடிந்தது. வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. நோர்வேஜிய மொழியில் கனவு காண்கிறீர்கள், வீட்டில் அம்மாவிடம் தமிழில் சண்டை பிடிக்கிறீர்கள். இரண்டு மொழியும் உங்கள் வாயில் இருக்கும்போது ஆங்கிலத்திடம் ஏன் போக வேண்டும்? கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்!

மொழிபெயர்த்தால் உரிமைச் சிக்கல் வராதா என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஹாம்சுன் இறந்தது 1952-இல். இங்கே ஆசிரியர் இறந்த பிறகு 70 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. 2023 தொடக்கத்திலிருந்து அவர் எழுத்து பொதுச்சொத்து. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்றைய எழுத்தாளர்கள் என்றால், நோர்வே இலக்கியத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நூர்லா என்ற அமைப்பே இருக்கிறது. மொழிபெயர்ப்புக்குப் பண உதவியும் செய்கிறது.

'பசி' நான்கு பாகம். அதை நோர்வேஜிய மொழியிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவர நான்கு குழு வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் இங்கே பிறந்து வளர்ந்த ஒருவர், ஊரிலிருந்து தமிழோடு வந்த ஒருவர். அதிபர் அம்மா சனிக்கிழமைகளில் பள்ளியில் ஒரு வகுப்பறை தருவதாகச் சொல்லிவிட்டார். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். போகிறபோது பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பாகத்துக்கு இப்போதைக்கு ஒரேயொரு பெயர்தான் இருக்கிறது.