ஒரு நாடு பிறந்த நாளின் படச்சுருள்
(திரைப்படச் சங்க ஆண்டு விழா உரை)

விழாத் தலைவர், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்துதவிய வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, சங்கத் தோழர்களே, வணக்கம்.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று நான் மேடைதோறும் சொல்வதை அறிவீர்கள். இன்றும் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஆஸ்திரேலியா ஒரு நாடாகப் பிறந்த நாளைப் பதிந்த பழைய படம் ஒன்று; அதை எடுத்தவர் யார், அதில் என்ன இருக்கிறது, நம் பழைய படங்கள் என்ன ஆயின, இந்த மூன்றையும் பேசுவோம்.

1901 ஜனவரி 1. ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் இணைந்து ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடாகின்றன. சிட்னி சென்டினியல் பூங்காவில் விழா. அதைப் படமெடுக்கும் பொறுப்பை நியூ சவுத் வேல்ஸ் அரசு யாரிடம் கொடுத்தது தெரியுமா? இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பிடம்!

ஜோசப் பெர்ரி என்று ஒருவர். பல்லாரட் நகரில், சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்கள் தங்கும் இல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சேனை அதிகாரி. புகைப்படம் எடுக்கத் தெரிந்தவர். அது மேலிடத்தின் காதுக்கு எட்டியது. 1891இல் மெல்பர்னுக்கு அழைத்து, சேனையின் சமூகப் பணியைச் சொல்லும், ஒளிபாய்ச்சித் திரையில் காட்டும் கண்ணாடிப் படங்களைச் செய்யச் சொன்னார்கள். சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் காய்ச்சி, அந்த வெள்ளொளியில் ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு அசையும் படம் வந்தது; அதையும் கற்றுக்கொண்டார். சிறையிலிருந்து வந்தவர்களுக்குச் சோறு போட்ட மனிதர், பத்தே ஆண்டில், ஒரு நாட்டின் பிறப்பைப் படமாக்க நிற்கிறார் ஐயா! காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டவர்.

ஓரிரு நிமிடப் படங்களே பெரிதாயிருந்த காலத்தில், இது அரைமணி நேரத்துக்கு மேல். ஊர்வலம், முதல் கவர்னர் ஜெனரல் ஹோப்டவுன் பிரபு, முதல் பிரதமர் எட்மண்ட் பார்ட்டன். பதவியேற்பு நடந்த வெள்ளை மண்டபம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஆனது. சில ஆண்டுகளிலேயே இற்றுப்போய்ப் பிரித்துவிட்டார்கள். படம் இன்றும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகத்தில் இருக்கிறது.

நம் கதை என்ன? நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசகவதம்' ஓர் அடிகூட மிஞ்சவில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' பிரதியும் இல்லை. இந்தியாவின் தேசியத் திரைப்படக் காப்பகமே 1964இல்தான் புணேயில் வந்தது. நமக்கென்று சென்னையில் குளிரூட்டிய காப்பகம் ஒன்று வேண்டும் என்பதே என் ஓயாத கோரிக்கை. காற்றுள்ளபோதே தூற்றாவிட்டால் பதரும் மிஞ்சாது.

வாசலருகே மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்திடுங்கள். வீட்டுப் பரணில் தாத்தா எடுத்த எட்டு மில்லிமீட்டர் சுருள் இருந்தால் திறந்து பாருங்கள். காடி (வினிகர்) நெடி அடித்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். காயப்போடவோ துடைக்கவோ வேண்டாம். பெட்டியோடு சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.