வெள்ளத்துக்கு ஒரு கடன் பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம். பருவநிலை மாற்றம் என்றதும் பனிமலை உருகுவதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நான் பேச வந்தது கடனைப் பற்றி.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் மஞ்சர் என்றொரு பெரிய ஏரி. படகையே வீடாகக் கொண்டு குடித்தனம் நடத்தும் மோஹானா மீனவர்கள் அங்கே உண்டு. 2022 ஆகஸ்டில் அந்த மாகாணத்தில் வழக்கமாகப் பெய்வதைப் போல ஏழு மடங்குக்கு மேல் மழை கொட்டியது. செப்டம்பர் தொடக்கத்தில் ஏரி தளும்பி நின்றது. கரை தானாக உடைந்தால் செஹ்வான் போன்ற ஊர்கள் தாங்காது. அதனால் அதிகாரிகளே கரையை வெட்டி, சுற்றியிருந்த கிராமங்கள் பக்கம் தண்ணீரைத் திருப்பினார்கள். ஏறக்குறைய 1 லட்சம் பேர் வீடுவாசலை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. எந்த ஊரை மூழ்கடிப்பது என்று ஓர் அதிகாரி உட்கார்ந்து முடிவெடுக்கிறார், யோசித்துப் பாருங்கள். வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாடு முழுக்க 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகம் வெளிவிடும் வெப்ப வாயுக்களில் பாகிஸ்தானின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. மறுபடியும் சொல்கிறேன், நூறில் ஒன்றுகூட இல்லை.

சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தாண்டின. 2023 ஜனவரியில் உலக நாடுகளும் வங்கிகளும் ஜெனீவாவில் கூடி 900 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள். சரி, நல்லது. ஆனால் அதில் பெரும்பகுதி கடன்! பக்கத்து வீட்டு லாரி நம் சுவரை இடித்துவிட்டது. சுவர் கட்டக் கைமாற்றுத் தருகிறேன், திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் லாரிக்காரர். அதற்குப் பெயர் உதவியா?

மொசாம்பிக்கிலும் இதே கதைதான். 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரத்தைச் சிதைத்தது. அடுத்த மாதமே பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 11.8 கோடி டாலர் கொடுத்தது. வட்டி கிடையாது, உண்மை. ஆனால் ஏற்கெனவே கடனில் தத்தளித்த நாட்டின் தலையில் இன்னொரு கடன்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. அவர்கள் கணக்குப்படியே அந்தத் தொகை எட்டியது 2022-இல்தான். அதிலும் கடன்தான் அதிகம்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வனுவாட்டுவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-இல் தொடங்கிய முயற்சியை அந்தச் சின்ன நாடு கையிலெடுத்து, ஐ.நா. வழியாகப் பன்னாட்டு நீதிமன்றம் வரை கொண்டுபோனது. பருவநிலையைக் காக்கும் கடமையை ஒரு நாடு மீறினால் இழப்பீடு தரவேண்டி வரலாம் என்று 2025 ஜூலையில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. இழப்பீடு, கவனியுங்கள், கடன் அல்ல. நன்றி, வணக்கம்.