பென்பர்ப் போரை மேசையில் ஆடினால், விதிகள் சரியா என்று எப்படித் தெரியும்?

அடுத்த கேள்வி. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, 17ஆம் நூற்றாண்டு அயர்லாந்துப் போர்களை மினியேச்சர் பொம்மைகள் வைத்து ஆட ஆசை. கையில் இருப்பதோ இங்கிலாந்து உள்நாட்டுப் போருக்காக எழுதிய விதிகள். அவை அயர்லாந்துக்குப் பொருந்துமா என்று எப்படிச் சோதிப்பது? எந்தப் போரில் தொடங்கலாம்?"

தம்பி, பென்பர்பில் தொடங்குங்கள். எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாய்ன் போர்தான். ஆனால் 1690இல் அங்கே இங்கிலாந்து மன்னர் வில்லியம் பக்கம் சுமார் 36,000 பேர், பதவியிழந்த மன்னர் ஜேம்ஸ் பக்கம் சுமார் 25,000 பேர். விதிகளைச் சோதிக்கிற நேரத்தில் அது தாங்க முடியாத சுமை. பென்பர்ப் நடந்தது 1646 ஜூன் 5, டைரோன் மாவட்டத்தில். ஐரிஷ் தளபதி ஓவன் ரோ ஓ'நீலிடம் ஏறக்குறைய 5,000 காலாட்கள், 500 குதிரைகள். எதிரே ராபர்ட் மன்றோவின் ஸ்காட்டிஷ் படை, மொத்தம் சுமார் 6,000 பேர். ஒரு பொம்மைக்கு 50 பேர் என்று கணக்கு வைத்தால் இரு பக்கமும் சேர்த்து 230 பொம்மைகள் போதும். அவ்வளவு பொம்மைகள் இல்லையென்றால் அட்டையை வெட்டிப் பெயர் எழுதி வையுங்கள். விதியைச் சோதிக்க அட்டையே போதும், வர்ணம் பூசி முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்றோவின் ஆட்கள் சுமார் 15 மைல் நடந்து, காலெடன் பக்கம் பிளாக்வாட்டர் ஆற்றைக் கடந்து, களைத்துப்போய்க் களத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் ஆறு சிறு பீரங்கிகள் இருந்தன. ஓ'நீலிடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவர் உடனே பாயவில்லை. மேடும் புதரும் நிறைந்த அந்த நிலத்தில், சின்னச் சின்ன மோதல்களோடு மணிக்கணக்கில் காத்திருந்தார். மாலையில்தான் மொத்தப் படையையும் இறக்கினார். ஈட்டிக்காரர்கள் ஸ்காட்டிஷ் அணிகளை நெட்டித் தள்ளி உடைத்தார்கள். உடைந்தவர்களை ஆறுவரை துரத்தினார்கள். ஸ்காட்டிஷ் பக்கம் இறந்தவர்கள் 2,000 முதல் 3,000 வரை, ஐரிஷ் பக்கம் சுமார் 300.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பலரும் "சரித்திரத்தில் ஜெயித்தவர் மேசையிலும் ஜெயிக்கிறாரா?" என்றுதான் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. எப்படி ஆடினாலும் ஓ'நீலே ஜெயிப்பார் என்றால், மன்றோவாக உட்காருகிறவருக்கு அங்கே வேலையே இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஓ'நீல் ஏன் காத்திருந்தார் என்பது இந்த விதிகளுக்குப் புரிகிறதா? ஃபிளாண்டர்ஸில் ஸ்பெயின் படையில் பல பத்தாண்டுகள் இருந்தவர் அவர், 1640இல் அராஸ் நகரைக் காத்து நின்றவர். அவர் காத்திருந்ததில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு மேசையிலும் பலன் தர வேண்டும்.

முதல் தடவை நானும் என் மச்சானும் இதேபோல் உள்நாட்டுப் போர் விதிகளை அப்படியே எடுத்து ஆடினோம். நான் ஓ'நீல். சரித்திரத்தைப் போலவே காத்திருந்தேன். மூன்றே சுற்றில் பீரங்கிகள் என் முன்வரிசையில் இரண்டு ரெஜிமெண்டுகளை உதிர்த்துவிட்டன. மறு ஆட்டத்தில் காத்திருக்காமல் உடனே பாய்ந்தேன், நான்காம் சுற்றில் ஜெயித்துவிட்டேன். அந்த வெற்றி எனக்குப் பிடிக்கவில்லை. காத்திருக்கிறவர் தண்டிக்கப்படுகிறார், அவசரக்காரருக்குப் பரிசு கிடைக்கிறது என்றால் அது பென்பர்பே இல்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தோம். முதலில் பீரங்கி. அன்று அந்த ஆறு பீரங்கிகளும் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அதனால் மேட்டுக்கும் புதருக்கும் பின்னால் நிற்கிற அணியைச் சுடும்போது பகடையில் ஆறு விழுந்தால்தான் பலிக்கும் என்று வைத்தோம். அடுத்தது களைப்பு. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். ஸ்காட்டிஷ் காலாட்படையின் ஒவ்வொரு அணிக்கும் ஆட்டம் தொடங்கும்போதே, களைப்பைக் குறிக்க ஒரு சிறு வில்லை. அதன்பின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு அணிக்கும் ஒரு பகடை உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் இன்னொரு வில்லை. அணி நிற்குமா ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்க்கிற மனவுறுதிச் சோதனையில், ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு புள்ளி கழியும். இதைச் சேர்த்தவுடன் ஆட்டமே மாறிவிட்டது. நான் காத்திருக்கக் காத்திருக்க மச்சானுக்குப் பதற்றம் கூடியது. நேரம் போகப் போகத் தன் படை கரைகிறது என்று தெரிந்து, அவரே மேட்டில் ஏறித் தாக்க வந்தார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

மாலை வெயில் ஸ்காட்டிஷ் வீரர்களின் கண்ணில் அடித்தது என்ற கதையைப் பல நூல்களில் படித்திருப்பீர்கள். அதற்குத் தனி விதி வைக்க வேண்டாம் என்பேன். களைப்புக்கே கழிக்கிறோம், அதன்மேல் வெயிலுக்கும் கழித்தால் மன்றோவின் கையைக் கட்டிப்போட்டதாகிவிடும்.

ஈட்டி விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உள்நாட்டுப் போர் விதிகளில் பெரும்பாலும் இரண்டு துப்பாக்கிக்காரருக்கு ஓர் ஈட்டிக்காரர் என்று அணி அமைப்பார்கள், சூட்டுக்கே முக்கியத்துவம் தருவார்கள். பென்பர்பை முடித்துவைத்தது ஈட்டி. ஐரிஷ் ஈட்டிகள் எதிரியினுடையவற்றைவிட நீளமாகவும் இருந்தன. நாங்கள் ஐரிஷ் அணிகளுக்குக் கைகலப்பின் முதல் சுற்றில் மட்டும் ஒரு பகடை கூடுதலாகக் கொடுத்தோம். எல்லாச் சுற்றிலும் கொடுத்துப் பார்த்தபோது ஆட்டம் ஒருதலைப்பட்சமாகிவிட்டது.

பலரும் விட்டுவிடுகிற ஒரு சம்பவம் உண்டு. கோல்ரெயினிலிருந்து மன்றோவுக்கு ஓர் உதவிப்படை வர இருந்தது. அதைத் தடுக்க ஓ'நீல் தன் குதிரைப்படையில் ஒரு பகுதியை அனுப்பியிருந்தார். மாலையில் தூரத்தில் குதிரைகள் தெரிந்தபோது, வருவது தன் ஆட்கள் என்றே மன்றோ நம்பினார். வந்தவர்களோ தடுக்கப் போய்த் திரும்பிய ஐரிஷ் குதிரைகள். இதை மேசைக்குக் கொண்டுவர மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். ஆறாம் சுற்றில் அவர், வருவது யார் படை என்று சொல்லும் ஒரு சீட்டை எடுத்துத் தானே வைத்துக்கொள்வார். ஓரத்தில் குதிரைகளை வைப்போம், யாருடையவை என்று இருவருக்குமே தெரியாது. அடுத்த சுற்றில்தான் சொல்வார். அந்த ஒரு சுற்று நேரம் இருவர் முகத்தையும் பார்க்க வேண்டும் தம்பி!

இன்னொன்றும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பல விதிகளில் ஓர் அணி உடைந்தால் பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவோம். பென்பர்பில் பெரும்பாலோர் செத்தது அதற்குப் பிறகுதான், ஓடும்போதும் ஆற்றில் மூழ்கியும். 1641இல் கிளர்ச்சியோடு ஆரம்பித்த அந்தப் போரில் குடியேறியவர்களும் ஐரிஷ் மக்களும், ஆயுதம் ஏந்தாதவர்கள்கூட, கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அதனால் உடைந்த அணியை நான் மேசையிலேயே விட்டு, ஆற்றை நோக்கி நகர்த்துகிறேன். துரத்துகிற அணி துரத்திக்கொண்டே போகும், கூப்பிட்டால் திரும்பாது. ஆட்டம் நீளும்தான், பரவாயில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பகடை ஏமாற்றும், அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று முறையாவது, பக்கம் மாறி உட்கார்ந்து ஆடுங்கள்.

இது கைக்குப் பழகிய பிறகு, வில்லியம் படைக்கும் ஜேம்ஸ் படைக்கும் நடந்த 1691 ஆக்ரிம் போருக்குப் போகலாம். ஆனால் இதே விதிகளை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அந்த 45 வருடத்தில் ஈட்டி குறைந்துவிட்டது, சிக்கிமுக்கித் துப்பாக்கி வந்துவிட்டது. அங்கே சோதிக்க வேண்டியதும் வேறு. சதுப்பு நிலத்துக்குப் பின்னால் நன்றாகத் தாக்குப்பிடித்த ஜேம்ஸ் பக்கப் படை, தளபதி செயின்ட் ரூத்தின் தலையைப் பீரங்கிக் குண்டு கொண்டுபோனதும் திகைத்து நின்றுவிட்டது. தளபதி விழுந்தால் உங்கள் விதிகள் வெறும் ஒரு புள்ளியைக் கழிக்கின்றனவா, இல்லை படை முழுவதும் கட்டளைக்குத் தவிக்கிறதா என்று பாருங்கள்.

பென்பர்பை ஆடியதும் குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள். யார் ஜெயித்தார் என்பதைவிட, எந்தச் சுற்றில் ஓ'நீல் காத்திருப்பதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று எழுதுங்கள்.