நீலப் பம்பும் பழுப்புப் பம்பும்

வணக்கம் நேயர்களே. போன வாரம் ஓர் அம்மா, மூச்சோடு மருந்தை இழுக்கும் இன்ஹேலர் பம்புகள் இரண்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "நீலம் நல்லா கேக்குது டாக்டர். இந்தப் பழுப்பு நாலு நாளா அடிச்சும் கேக்கல, நிறுத்திட்டேன்" என்றார். வீசிங், அதாவது ஆஸ்துமா உள்ளவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது.

நீலத்தில் இருப்பது சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கைந்து மணி நேரத்தில் அதன் வேகம் தீர்ந்துவிடும். ஆனால் ஆஸ்துமாவில் குழாயின் உட்புறமே வீங்கிச் சிவந்து, சளி கட்டி, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடிக் கிடக்கும். நீலம் அந்த வீக்கத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் ஜீனா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்கள் நீலத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் சொல்லிவருகிறது.

பழுப்பில் இருப்பது பியூடசோனைடு மாதிரியான ஸ்டீராய்டு. (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மருந்தின் பெயரைப் பாருங்கள்.) அது செல்லுக்குள் புகுந்து, அங்கே ஓர் ஏற்பியோடு (மருந்தைப் பற்றிக்கொள்ளும் புரதம்) சேர்ந்து உட்கருவுக்குப் போகிறது; வீக்கத்தைத் தூண்டும் புரதங்களைச் செய்யச் சொல்லும் மரபணுக்களை அடக்குகிறது. சரி, புதுச் சரக்கு நின்றாலும் இறங்கிய சரக்கு தீரவேண்டுமே? அதற்குச் சில நாட்கள், முழுப் பலனுக்குச் சில வாரங்கள் ஆகும். நாலு நாள் எந்த மூலைக்கு?

ஸ்டீராய்டு என்றதும் அந்த அம்மா முகம் மாறியது. நியாயமான பயம்தான். 1972இல் இங்கிலாந்தில் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பம்ப் வருமுன், கடுமையான ஆஸ்துமாக்காரர்கள் வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி, முகம் உப்பி, எலும்பு தேய்ந்து போனார்கள். 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை என்றால் 5000 மைக்ரோகிராம். உடம்பு முழுக்கச் சுற்றும். பம்பில் ஓர் அழுத்துக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம்தான். வீரியம் கூடிய மருந்துதான், ஆனாலும் நேரே குழாய்க்குப் போகிறது. விழுங்கிவிடும் பியூடசோனைடில் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரலே அழித்துவிடும்.

அப்புறம், அவரை அடித்துக் காட்டச் சொன்னேன். வாயோரம் குபுக்கென்று வெண்புகை! 5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துளிகள் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். குரல் கம்மும், நாக்கில் வெள்ளை படியும். அதற்குத்தான் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வது. பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழலை மாட்டி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். புகை வரவில்லை.

"நாக்குல ஒண்ணும் தெரியலையே டாக்டர், மருந்து வந்துச்சா?"

"தெரியாம போனாதாம்மா நல்லது" என்றேன்.