திரைக்குள் தொங்கும் பனியன்

விழாத் தலைவர் அவர்களே, பின்னலாடைத் தொழிலில் பழுத்த பெரியவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். முன்வரிசைப் பெருமக்களைத் தனித்தனியே விளிக்காமைக்குப் பொறுத்தருள்க. மணி அடிப்பவர் இப்போதே என்னைப் பார்க்கிறார்.

துணி, நீர், புகை ஆகிய மூன்றையும் இயற்பியல் விதிப்படி கணினித் திரையில் இயக்குவதைப் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். திருப்பூரில் துணியைத்தானே முதலில் எடுக்க வேண்டும்?

மடிப்புகளை ஓவியர் வரைவதற்கு மாறாக, துணியைப் புள்ளிகளாகப் பகுத்து, புள்ளிகளுக்கிடையே ஸ்பிரிங் பூட்டி, நியூட்டனின் இரண்டாம் விதியைக் கொண்டு நொடியின் சிறு துணுக்குகளில் அடுத்தடுத்த நிலையைக் கணக்கிடுவது ஒரு வழி. துணி எளிதில் நீளாதது என்பதால் ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும். அப்போது நேரத் துணுக்கைப் பெரிதாக வைத்தால் பிழை துணுக்குக்குத் துணுக்கு பெருகிச் சட்டையே வெடித்துப் பறக்கும். பதறாத காரியம் சிதறாது என்று மேடைதோறும் நான் சொல்வதை இங்கே கண்ணாலேயே காணலாம். 1998இல் பாராஃப், விட்கின் என்னும் கணினி வரைகலை ஆய்வாளர் இருவரும் அடுத்த நிலையின் விசையையும் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்து தீர்த்து, நேரத் துணுக்கைப் பெரிதாக வைத்தும் சிதறாமல் காத்தார்கள்.

நம் ஊர் மாணவர் ஒருவர் இம்முறையில் பனியன் ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, நிட்டிங் கம்பெனி நடத்தும் தம் மாமாவிடம் காட்டினார். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஏங்கண்ணு, இது பனியனா, தார்ப்பாயா?" என்றார். மருமகன் சமன்பாட்டை விளக்க, அவர் மேசையிலிருந்த சிங்கிள் ஜெர்சி என்னும் பனியன் துணித் துண்டை எடுத்து, "அகலவாக்குல இழுத்தா இளகி வரோணும், நீளவாக்குல அத்தனை வரப்படாது, வெட்டின ஓரம் சுருளோணும், உன்னுதுல சுருளவே இல்லையே?" என்று இழுத்துக் காட்டினார். மருமகன் இரு திசைக்கும் ஒரே விறைப்பு எண்ணைக் கொடுத்திருந்தார்! ஓரச் சுருளோ அவர் கணக்கிலேயே இல்லை.

இந்த எண்கள் எங்கே கிடைக்கும்? ஜப்பானின் கவாபாட்டா வகுத்த கருவிகள் துணியின் இழுவை, சறுக்கு (கோணலாகச் சாய்வது), வளைவு ஆகியவற்றை அளக்கின்றன. 2008இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் நூல் நூலாகவே கணக்கிட்டுப் பின்னல் துணியை இயக்கிக் காட்டினார்கள். பின்னலையே பிழைப்பாகக் கொண்ட நாமோ ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை), துவைத்தால் சுருங்கும் அளவும் பார்ப்பதோடு நிற்கிறோம். நம் துணி வகைகளை முறையாக அளந்து, எவரும் எடுத்தாளும்படி தமிழில் பொது அட்டவணையாக வெளியிட வேண்டும் என்பதே என் நெடுநாள் கோரிக்கை. அவசரமாக அளந்தால் அட்டவணையும் உதவாது. பதறாத காரியம் சிதறாது.

நீருக்கும் புகைக்கும் நேரமில்லை. அவற்றைத் திரையில் இயக்குவது பற்றிய ஸ்டாம் என்னும் ஆய்வாளரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அட்டவணை கோரி உற்பத்தியாளர்களுக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையொப்பமிட்ட பின் பந்திக்குச் செல்லுமாறு வேண்டுகிறேன்.